பல சீசன் நீடிக்கும் ஃபேன்டஸி பேஸ்பால் லீக்: நண்பர்களோடு முதன்முறை தொடங்குவோருக்கு

ஃபேன்டஸி பேஸ்பாலில் நாம் பந்தையும் தொடுவதில்லை, மட்டையையும் தொடுவதில்லை. அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஆடும் நிஜ வீரர்களைப் பிரித்துக்கொண்டு, பத்து நண்பர்கள் ஆளுக்கொரு கற்பனை அணி வைத்துக்கொள்கிறோம். நம் வீரர் நிஜ மைதானத்தில் ஹோம்ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்றது) அடித்தால் அது நம் கணக்கில் சேரும். மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை ஒவ்வொரு நிஜ அணியும் 162 ஆட்டம் ஆடுகிறது. அதாவது, ஏறக்குறைய தினமும் ஆட்டம் உண்டு. ஆறு மாதம் விடாமல் ஒரு கண் வைத்திருக்க வேண்டும் என்பதால்தான், முன்பின் தெரியாதவர்களோடு ஆடுவதைவிட நண்பர்களோடு ஆடும்போது இதில் ருசி கூடுகிறது.

மொபைலில் கிரிக்கெட் அணி அமைத்துப் பழகியவர்களுக்கு இது ஓரளவு தெரிந்த விஷயமாகத் தோன்றும். ஆனால் அங்கே ஒரு ஆட்டத்துக்கு ஒரு அணி. விராட் கோலியை ஒரே நேரத்தில் லட்சம் பேர் எடுத்துக்கொள்ளலாம். இங்கே ஷோஹெய் ஓட்டானி ஒருவரிடம் போய்விட்டால் மற்ற ஒன்பது பேருக்கும் அவர் கிடையாது. அப்புறம், அவரை அடுத்த வருடமும் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி வந்துவிட்டால் விளையாட்டின் குணமே மாறிவிடுகிறது. ஐபிஎல் அணிகள் மெகா ஏலத்துக்கு முன் சில வீரர்களைத் தக்கவைத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். 2025 ஏலத்துக்கு முன் சென்னை தோனியை 4 கோடிக்கு வைத்துக்கொண்டதும், அந்தக் குறைந்த விலை எவ்வளவு பேசப்பட்டது என்பதும் நினைவிருக்கும். அந்த யோசனையை அப்படியே நண்பர்கள் லீக்குக்குக் கொண்டுவந்தால் கிடைப்பதுதான் கீப்பர் லீக். சிலரை மட்டும் வைத்துக்கொண்டால் கீப்பர். கிட்டத்தட்ட எல்லாரையும், மைனர் லீக்கில் (மேஜர் லீக்குக்குக் கீழே வீரர்கள் பயிலும் லீக்குகளில்) இருக்கும் 18 வயதுப் பையன்கள் உட்பட, வருடக்கணக்கில் வைத்துக்கொண்டால் அதற்குப் பெயர் டைனஸ்டி.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல சீசன் ஓட வேண்டிய லீக்கின் விதிகளை, ஜூலை மாதம் ஒன்பதாவது இடத்தில் கிடக்கும் நண்பரை மனதில் வைத்து எழுத வேண்டும். முதலிடத்தில் இருப்பவரை யாரும் அழைக்க வேண்டியதில்லை, அவர் காலையில் கண் விழித்ததும் ஸ்கோர் பார்ப்பார். ஒன்பதாவது ஆள் சலித்துப்போய் அணியைத் திறந்து பார்ப்பதையே விட்டுவிட்டால், அடிபட்ட வீரர்கள் அவர் வரிசையில் அப்படியே கிடப்பார்கள், மற்றவர்களின் புள்ளிகளும் கோணலாகும். அடுத்த மார்ச்சில் அவர் வரமாட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் இருவர் நழுவுவார்கள். நண்பர்கள் லீக்குகள் பெரும்பாலும் நிற்பது இப்படித்தான்.

முதலில் ஆட்டத்தின் அடிப்படை. இன்றைய வடிவம் 1980-இல் நியூயார்க்கில் பிறந்தது. டேனியல் ஒக்ரென்ட் என்ற பத்திரிகையாளர் 1979-இன் இறுதியில் விதிகளை யோசித்தார். மன்ஹாட்டனில் லா ரோட்டிசெரி ஃபிரான்சேஸ் என்ற உணவகத்தில் நண்பர்களோடு உட்கார்ந்து பேசி லீக்கைத் தொடங்கினார். உணவகத்தின் பெயரே ஆட்டத்துக்கு ஒட்டிக்கொண்டது. ரோட்டிசெரி, சுருக்கமாக ரோட்டோ. அதற்கும் முன்பே, 1960-இல், வில்லியம் கேம்சன் என்ற சமூகவியலாளர் சகாக்களோடு இதற்கு மூத்த ஒரு விளையாட்டை ஆடிவந்தார். அதில் ஆடிய ராபர்ட் ஸ்க்ளார் பிற்பாடு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஒக்ரென்ட்டுக்கு ஆசிரியர். யோசனை அந்த வழியாகத்தான் கைமாறியது. 1981-இல் மேஜர் லீக் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்து கோடையில் ஆட்டங்கள் நின்றபோது, எழுத விஷயம் இல்லாத விளையாட்டுச் செய்தியாளர்கள் இந்த லீக்கைப் பற்றி எழுத, நாடு முழுக்கப் பரவியது. இவ்வளவுக்கும் காரணமான ஒக்ரென்ட் தான் உருவாக்கிய லீக்கில் ஒருமுறைகூட ஜெயிக்கவில்லை. ஆனாலும் ஆடினார் என்பதை இந்தக் கட்டுரையின் வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

ரோட்டோ முறையில் பொதுவாகப் பத்துப் பிரிவுகள். பேட்டர்களுக்கு ஐந்து: பேட்டிங் சராசரி, ரன், ஹோம்ரன், ஆர்பிஐ, ஸ்டீல். சராசரி என்பது அடிக்கக் கிடைத்த வாய்ப்புகளில் எத்தனை ஹிட் ஆயின என்ற விகிதம். பந்தை அடித்து அவுட் ஆகாமல் பேஸ் (ரன் எடுக்க வரிசையாகத் தொட வேண்டிய இடம்) ஏறுவதுதான் ஹிட். ஆர்பிஐ என்றால் தன் அடியால் சக வீரர்களை (தன்னையும்தான்) ரன் எடுக்க வைத்த கணக்கு. ஸ்டீல் என்றால் பிட்சர் பந்து வீசும் நேரம் பார்த்து அடுத்த பேஸுக்கு ஓடித் திருடுவது. பிட்சர்களுக்கு, அதாவது பந்து வீசுபவர்களுக்கு, ஐந்து: வெற்றி, சேவ், ஸ்ட்ரைக்அவுட், ஈஆர்ஏ, விப். சேவ் என்றால் சிறிய முன்னிலையைக் காப்பாற்றி ஆட்டத்தை முடித்துவைப்பது. ஸ்ட்ரைக்அவுட் என்றால் மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட் ஆக்குவது. ஈஆர்ஏ என்பது ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கொடுக்கும் ரன்களின் சராசரி, அணியின் தவறுகளால் போன ரன்களைக் கழித்து. விப் என்பது ஒரு இன்னிங்ஸுக்கு எத்தனை பேரை ஹிட்டாலும் வாக்காலும் (walk: நான்கு தவறான பந்துகளால் பேட்டர் இலவசமாகப் பேஸ் ஏறுவது) பேஸ் ஏற விட்டார் என்பது. இந்த விப் கணக்கைக் கண்டுபிடித்ததும் ஒக்ரென்ட்தான். ஒரு நண்பர்கள் விளையாட்டுக்காக எழுதிய வாய்ப்பாடு இன்று நிஜ பேஸ்பாலின் புள்ளிவிவரப் பட்டியல்களில் நிற்கிறது.

பத்து அணி இருந்தால், ஒவ்வொரு பிரிவிலும் முதல் அணிக்கு 10 புள்ளி, கடைசி அணிக்கு 1. எல்லாவற்றையும் கூட்டினால் அதிகபட்சம் 100. வாரம் ஒருவரோடு மோதும் முறையும் உண்டு. புதியவர்களுக்கு அது பரபரப்பாக இருக்கும், திங்கட்கிழமை தோறும் கணக்கு புதிதாகத் தொடங்கும். இரண்டில் எது என்பது ரசனை. எனக்கு ரோட்டோ பிடிக்கும், ஆறு மாத உழைப்பு முழுவதும் கணக்கில் வருவதால்.

வீரர்களைப் பிரிப்பதற்கும் இரண்டு வழி. ஸ்னேக் டிராஃப்டில் ஒன்று முதல் பத்து வரை வரிசையாக ஆளுக்கொருவரை எடுப்பார்கள், அடுத்த சுற்று பத்திலிருந்து ஒன்றுக்குத் திரும்பும். ஏலத்தில் ஆளுக்கு 260 டாலர் கற்பனைப் பணம், நிரப்ப வேண்டியது 23 இடம்: 14 பேட்டர், 9 பிட்சர். யார் வேண்டுமானாலும் எந்த வீரருக்கும் விலை கேட்கலாம். ஸ்னேக் சுலபம், ஒன்றரை மணி நேரத்தில் முடியும். ஏலம் பாதி நாளைத் தின்றுவிடும். ஆனாலும் பல வருட லீக்குக்கு ஏலத்தையே சொல்வேன். காரணம், ஏலத்தில் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு விலை கிடைக்கிறது. அந்த விலைதான் அடுத்தடுத்த வருடங்களுக்கு அடித்தளம்.

விலை ஏன் அவ்வளவு முக்கியம்? மைக் ட்ரவுட்டை எடுத்துக்கொள்வோம். 2011-இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸ் அணிக்கு 40 ஆட்டம் ஆடி 0.220 சராசரி. 2012 சீசன் தொடங்கியபோது அவர் மைனர் லீக்கில் இருந்தார், ஏப்ரல் 28-இல்தான் மேலே அழைத்தார்கள். அந்த மார்ச் ஏலத்தில் ஒரு நண்பர் அவரை 3 டாலருக்கு வாங்கினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வருடமே ட்ரவுட் 30 ஹோம்ரன், 49 ஸ்டீல், 129 ரன், 0.326 சராசரி. சிறந்த அறிமுக வீரர் விருதும் வாங்கினார். இப்போது விதி என்ன சொல்கிறது என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் லீக்கின் எதிர்காலம்.

எத்தனை வருடம் வேண்டுமானாலும் அதே 3 டாலருக்கு வைத்துக்கொள்ளலாம் என்றால், ஒரே ஒரு நல்ல யூகத்துக்காக ஒருவர் பத்து வருடம் மற்றவர்களைவிடக் கணிசமான பணத்தோடு ஏலத்துக்கு வருவார். மற்றவர்கள் இரண்டு வருடம் பொறுத்துப் பார்ப்பார்கள், மூன்றாவது வருடம் வேறு வேலை வந்துவிடும். யாரையும் வைத்துக்கொள்ளவே கூடாது என்றால் அந்த யூகத்துக்கு ஒரு வருடம்தான் பலன். நடுவழி, ஒவ்வொரு வருடமும் விலை 5 டாலர் ஏறுவது. ட்ரவுட் 2013-இல் 8, 2014-இல் 13, 2016-இல் 23 டாலர். திறந்த ஏலத்தில் 40-க்கு மேல் போகக்கூடிய ஆளை 13-க்கு வைத்திருப்பது பெரிய லாபம், அது கண்டுபிடித்தவருக்குச் சேர வேண்டியதும்தான். ஆனால் 2021-இல் அவர் விலை 48 ஆகியிருக்கும். அந்த வருடம் கெண்டைக்கால் காயத்தால் ட்ரவுட் 36 ஆட்டம்தான் ஆடினார். ஏணி போல ஏறும் விலை, ஒரு கட்டத்தில் வீரரைத் தானாகவே பொது ஏலத்துக்குத் திருப்பி அனுப்பிவிடும். ரோட்டிசெரி லீக்கின் பழைய விதிகளிலும் நீண்ட ஒப்பந்தத்துக்கு ஒவ்வொரு கூடுதல் வருடத்துக்கும் 5 டாலர் என்ற இதே எண்தான் இருந்தது. நாற்பது வருடமாகத் தாக்குப்பிடித்திருக்கும் எண்ணை மாற்ற நான் துணியமாட்டேன்.

ஸ்னேக் டிராஃப்ட்தான் வேண்டும் என்பவர்கள் இதையே சுற்றில் கணக்கிடலாம். பன்னிரண்டாவது சுற்றில் எடுத்தவரை வைத்துக்கொண்டால் அடுத்த வருடம் பத்தாவது சுற்று வாய்ப்பு போய்விடும், அதற்கடுத்த வருடம் எட்டாவது.

இரண்டாம் வருட ஏலத்தில் புதியவர்கள் திகைக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. எல்லா விலையும் ஏறியிருக்கும். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். பத்து அணி, ஆளுக்கு 260, மொத்தம் 2,600 டாலர். எல்லாரும் வைத்துக்கொண்ட வீரர்களின் உண்மையான மதிப்பு 800, ஆனால் அவர்கள் விலை மொத்தம் 400 தான் என்று வைப்போம். மீதிப் பணம் 2,200. ஏலத்துக்கு வரும் வீரர்களின் மதிப்போ 1,800. ஆக 1,800 மதிப்புள்ள சரக்கை 2,200 டாலர் துரத்துகிறது. சுமார் 22 சதவீதம் விலையேற்றம். 40 டாலர் வீரர் 49-க்குப் போவார், அது நியாயமான விலைதான். பத்திரிகையிலும் இணையத்திலும் வரும் விலைப்பட்டியல்கள் எல்லாரும் புதிதாகத் தொடங்கும் லீக்குக்கானவை. அந்தப் பட்டியலை நம்பி 40-இல் நிறுத்திக்கொள்பவர் ஏலம் முழுக்கக் கை நழுவவிட்டு, கடைசியில் பையில் பணத்தோடும் அணியில் யாரும் இல்லாமலும் உட்கார்ந்திருப்பார். எல்லாரும் தக்கவைப்புப் பட்டியலைக் கொடுத்த அன்றே இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

இப்போது ஜூலைக்கு வருவோம். கீப்பர் விதியின் உண்மையான பலன் இங்கேதான். ஒன்பதாவது இடத்தில் இருப்பவரிடம் 38 டாலர் நட்சத்திரம் ஒருவர் இருக்கிறார். அடுத்த வருடம் 43 ஆகிவிடும், வைத்துக்கொள்ள முடியாது. இரண்டாவது இடத்தில் இருப்பவருக்கு இந்த வருடம் கோப்பை வேண்டும், அவரிடம் 2 டாலருக்கு வாங்கிய 21 வயது வீரர் இருக்கிறார். இருவரும் மாற்றிக்கொள்கிறார்கள், இதற்குப் பெயர் டிரேட். ஒருவருக்கு இந்த செப்டம்பர், மற்றவருக்கு அடுத்த ஏப்ரல். தோற்றுக்கொண்டிருப்பவருக்கு லீக்கிலேயே மிகுந்த வேலையும் பேரம் பேசும் பலமும் உள்ள மாதம் அது. ஒரே சீசன் லீக்கில் அவருக்கு இந்த வாய்ப்பே கிடையாது.

இதில் ஆபத்தும் உண்டு. கடைசி நான்கு பேரும் தங்கள் நட்சத்திரங்களை ஒரே ஆளிடம் கொண்டுபோய்க் கொட்டினால், மூன்றாவது இடத்தில் நேர்மையாகப் போராடுபவர் கொதித்துப்போவார், கொதிப்பதில் நியாயமும் இருக்கும். டிரேடுக்குக் கடைசித் தேதி வையுங்கள், ஜூலை இறுதி அல்லது ஆகஸ்ட் முதல் வாரம். சீசன் நடுவே ஒரு அணியின் மொத்தச் சம்பளம், அதாவது அதன் வீரர்களின் விலைகளைக் கூட்டிய தொகை, 310 டாலரைத் தாண்டக் கூடாது என்பது போல ஒரு உச்சவரம்பும் போடலாம். ஆனால் டிரேடை மற்றவர்கள் ஓட்டுப் போட்டு ரத்து செய்யும் முறையை நான் அறவே எதிர்க்கிறேன். போட்டியாளர் பலமாகிவிடுவாரோ என்ற பயத்தில்தான் ஓட்டு விழும், நட்பு அங்கேதான் முறியும். இருவர் ரகசியமாகக் கூட்டுச் சேர்ந்தால் மட்டும் கமிஷனர் (லீக்கை நடத்தும் நண்பர்) தலையிடட்டும். முட்டாள்தனமான டிரேட் செய்ய ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு.

வேண்டுமென்றே தோற்பதைத் தடுப்பது இன்னொரு தலைவலி. நிஜ விளையாட்டுகளைப் பார்த்து, கடைசி இடத்துக்கு அடுத்த வருட இளம் வீரர் டிராஃப்டில் முதல் வாய்ப்பு கொடுக்கத் தோன்றும். கொடுக்காதீர்கள். பரிசு கிடைக்காதவர்களில் மேலே இருப்பவருக்கு, அதாவது மூன்று பேருக்குப் பரிசு என்றால் நான்காவது ஆளுக்கு, அந்த முதல் வாய்ப்பைக் கொடுங்கள். ஆகஸ்டில் ஒன்பதிலிருந்து ஏழுக்கு ஏறுவதற்கும் ஒரு காரணம் பிறக்கும்.

விதிகளை எழுதி வைத்தே ஆக வேண்டும். நண்பர்கள்தானே, பேசிக்கொள்ளலாம் என்று விட்டால் மூன்றாவது வருடம் ஆளுக்கொரு நினைவு இருக்கும். எதையெல்லாம் எழுத வேண்டும் என்பதற்கு நிஜ பேஸ்பாலே நிறையப் பாடம் நடத்தியிருக்கிறது. 2020-இல் கொரோனாவால் சீசன் ஜூலை 23-இல் தொடங்கி வெறும் 60 ஆட்டத்தோடு முடிந்தது. அந்த வருடம் ஒப்பந்தக் கணக்கில் சேருமா, விலை 5 டாலர் ஏறுமா? பல லீக்குகளில் விதி மௌனமாக இருந்தது. ஃபெர்னாண்டோ டட்டிஸ் ஜூனியர் 2021-இல் 42 ஹோம்ரன் அடித்து நேஷனல் லீக்கில் முதலிடம். அடுத்த வருடம் மணிக்கட்டு முறிவு, பிறகு ஊக்கமருந்துக்காக 80 ஆட்டத் தடை என்று முழு 2022-உம் ஆடவில்லை. அவரை வைத்திருப்பவருக்கு ஒரு இடம் வீணாகப் போகுமா, காயப் பட்டியலில் ஒதுக்கிவைக்கலாமா, தடைக்கும் அதே சலுகையா? ஓட்டானி பந்தும் வீசுவார், மட்டையும் பிடிப்பார். லீக்கை நடத்த உதவும் சில இணையதளங்களில் அவர் ஒரே ஆள், சிலவற்றில் இரண்டு ஆள். தளத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பே இதைப் பேசிவிட வேண்டும்.

விதியை மாற்றுவதற்கும் ஒரு விதி வேண்டும். 2023-இல் மேஜர் லீக் பேஸின் அளவை 15 அங்குலத்திலிருந்து 18 ஆக்கியது, பிட்சருக்குக் கடிகாரம் வைத்தது, ஓட்டக்காரரைக் கட்டிவைக்க பிட்சர் பேஸுக்கு எறிவதையும் கட்டுப்படுத்தியது. முந்தைய வருடம் 2,486 ஆக இருந்த ஸ்டீல்கள் 3,503 ஆயின. வேகமாக ஓடும் இளைஞர்களைச் சேர்த்துவைத்திருந்தவர்களுக்கு அது யோகம். அந்த நேரத்தில் யாராவது ஸ்டீல் பிரிவையே எடுத்துவிடலாம் என்று கிளம்பினால், இரண்டு வருடமாக அணி கட்டியவரின் உழைப்பு ஒரே ஓட்டில் போய்விடும். எனவே மாற்றம் எதுவானாலும் ஒரு வருடம் தள்ளி அமலாக வேண்டும், பத்தில் ஏழு பேராவது சம்மதிக்க வேண்டும்.

யாரைத் தக்கவைப்பது? சுருக்கமாக என் விருப்பம்: இளம் பேட்டர். பிட்சரின் முழங்கையை நம்பி மூன்று வருடத் திட்டம் போடாதீர்கள். ஸ்பென்சர் ஸ்ட்ரைடர் 2023-இல் 20 வெற்றி, 281 ஸ்ட்ரைக்அவுட். 2024-இல் இரண்டே ஆட்டம் தொடங்கினார், பிறகு முழங்கை அறுவை சிகிச்சை. பேட்டருக்கும் உத்தரவாதம் இல்லை என்பது வேறு விஷயம். ரொனால்ட் அக்குன்யா 41 ஹோம்ரனும் 73 ஸ்டீலும் எடுத்த மறு வருடம் மே மாதமே முழங்கால் தசைநார் கிழிந்து வெளியேறினார்.

ஆள் சேர்க்கும்போது பேஸ்பால் அறிவைப் பார்க்காதீர்கள், அதை இரண்டு வருடத்தில் கற்றுக்கொள்ளலாம். செய்திக்குப் பதில் சொல்பவரா என்று பாருங்கள். டிரேட் கேட்டு அனுப்பினால் வேண்டாம் என்றாவது ஒரு வார்த்தை எழுதுபவர் பத்துப் பேர் கிடைத்தால் லீக் ஓடும். எவ்வளவு நல்ல கூட்டமானாலும் சில வருடங்களில் யாராவது விலகுவார்கள். குழந்தை பிறக்கும், ஊர் மாறும், ஆர்வம் போய்விடும். வருத்தப்பட ஒன்றுமில்லை, ஆனால் அவர் விட்டுச்செல்லும் அணி மோசமாக இருந்தால் புதியவர் வர யோசிப்பார். ஒரே நேரத்தில் இருவர் விலகினால் ஒரு நல்ல வழி உண்டு: இரண்டு அணி வீரர்களையும் ஒரே குவியலாகப் போட்டு, புதிதாக வரும் இருவரும் மாறி மாறி எடுத்துக்கொள்வது. யாரோ கெடுத்துவைத்த அணியைச் சுமக்கும் உணர்வு இருவருக்குமே வராது.

தொடங்கும்போதே டைனஸ்டி வேண்டாம். முதல் வருடம் யாரையும் தக்கவைக்காத சாதாரண லீக்காக ஆடுங்கள், ஆனால் அடுத்த வருடம் மூன்று பேரை வைத்துக்கொள்ளலாம் என்று ஏலத்துக்கு முன்பே அறிவித்துவிடுங்கள். ஏலம் முடிந்த பிறகு சொன்னால், 1 டாலருக்கு இளைஞர்களை வாங்கியவர்களுக்கு மட்டும் லாபமாகிவிடும். இரண்டாவது வருடம் மூன்று, பிறகு ஐந்து, எல்லாருக்கும் பசி இருந்தால் அப்புறம் மைனர் லீக் வீரர்களுக்கு ஐந்து இடம். ஒரு சீசன் மட்டும் ஆட யாஹூ, ஈஎஸ்பிஎன் தளங்களே போதும், இலவசம். சம்பளம், ஒப்பந்தம், மைனர் லீக் எல்லாம் சேர்ந்தால் ஃபேன்ட்ராக்ஸ் வசதியாக இருக்கும். எந்தத் தளமானாலும் வீரர்களின் விலையையும் வருடத்தையும் தனியாக ஒரு எக்செல் தாளில் கமிஷனர் குறித்துவைக்கட்டும்.

தக்கவைப்புப் பட்டியலுக்குக் கடைசி நாள் ஏலத்துக்கு இரண்டு வாரம் முன்பு. ஏலம் மார்ச் கடைசி சனிக்கிழமைகளில் ஒன்று, முடிந்தால் எல்லாரும் ஒரே அறையில், முடியாதவர்கள் வீடியோவில். அந்தத் தேதியை ஜனவரியிலேயே குறித்துவிடுங்கள், விமான டிக்கெட் எடுக்க வேண்டியவர்கள் இருப்பார்கள்.